சார்ட்டர் பள்ளியில் இடம் தேடும் பே ஏரியா தமிழ்ப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களே,

நவம்பர் பிறந்தால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்கள் சூடாகிவிடும். அந்த சார்ட்டர் ஸ்கூலுக்கு அப்ளிகேஷன் ஓப்பன் ஆகிவிட்டதா, என்ட்ரன்ஸ் எப்படி இருக்கும், உள்ளே யாரையாவது தெரியுமா, இப்போதே மேத்ஸ் கோச்சிங்கில் சேர்த்துவிடட்டுமா. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வருகைப்பதிவு மேசையில் உட்காருகிற என்னிடம் இதே கேள்விகள் நேரிலும் வரும். பதில் சொல்வதில் எனக்குச் சலிப்பில்லை. ஆனால் அந்த மேசையைச் சுற்றி நின்று மற்றவர்கள் சொல்லும் பதில்கள்தான் கவலையாக இருக்கின்றன. புதிதாக ஊருக்கு வந்தவர்களுக்கு நம்மவர்களே தப்பும் தவறுமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். அதனால்தான் இந்த மடல். பாதி புதியவர்களுக்கு, பாதி ஏற்கெனவே உள்ளே இடம் வாங்கிவிட்ட நமக்கு.

முதலில் புதியவர்களுக்கு. என்ட்ரன்ஸ் கிடையாது. இண்டர்வியூ கிடையாது. சிபாரிசு செல்லாது. காசு கொடுத்தாலும் நடக்காது. சார்ட்டர் பள்ளி என்றால் தனியார் பள்ளி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப்பள்ளி. 1991-இல் மின்னசோட்டா மாநிலம் இதற்கான முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது, 1992-இல் கலிஃபோர்னியா இரண்டாவதாகச் சேர்ந்துகொண்டது. இன்று இந்த மாநிலத்தில் மட்டும் ஆயிரத்து இருநூறுக்கு மேல் இருக்கின்றன. பள்ளியை நடத்த விரும்புபவர்கள் ஒரு சாசனம் (அதுதான் சார்ட்டர்) எழுதி, அந்தப் பகுதியின் பொதுப்பள்ளிகளை நடத்தும் நிர்வாகமான பள்ளி மாவட்டத்திடமோ கவுண்டி கல்வி வாரியத்திடமோ கொடுப்பார்கள். அங்கே ஒப்புதல் கிடைத்தால் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குப் பள்ளி நடத்தலாம், பிறகு புதுப்பிக்க வேண்டும். பாடம் நடத்தும் முறை, நேர அட்டவணை, நிர்வாகம் இவற்றிலெல்லாம் அவர்களுக்கு நிறையவே சுதந்திரம் உண்டு. யாரைச் சேர்த்துக்கொள்வது என்பதில் மட்டும் சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது: சேர விரும்பும் எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும், இருக்கும் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் எல்லோரும் பார்க்கும்படி குலுக்கல் போட வேண்டும். அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் நம் ஆட்கள் லேசில் நம்புவதில்லை. நம்பாததற்குக் காரணமும் இருக்கிறது. சென்னையில் எல்கேஜி விண்ணப்பப் படிவத்துக்காக முந்தின நாள் ராத்திரியே பள்ளி வாசலில் துண்டு போட்டு இடம்பிடித்த அப்பாக்களை நமக்குத் தெரியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்க்கக் கூடாது, நன்கொடை கேட்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் மூன்றரை வயதுப் பிள்ளையிடம் 'ஆப்பிள் என்ன கலர்' என்று கேட்ட பிரின்சிபால்களை நாம் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினோம். லாட்டரிச் சீட்டை 2003-லேயே தடை செய்த மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கு, பிள்ளையின் படிப்பை ஒரு லாட்டரி தீர்மானிக்கும் என்பது கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கலாம். ஆனால் இங்கே நிஜமாகவே அதுதான் நடக்கிறது. முதல் நாள் விண்ணப்பித்தவருக்கும் கடைசி நாள் இரவு விண்ணப்பித்தவருக்கும் ஒரே வாய்ப்பு. பல பள்ளிகள் இலையுதிர் காலத்தில் விண்ணப்பத்தைத் திறந்து ஜனவரி, பிப்ரவரி வாக்கில் மூடுகின்றன, அதன்பின் சில வாரங்களில் குலுக்கல். கெடு தாண்டி வந்த விண்ணப்பம் வெயிட்லிஸ்டின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும், எனவே கெடு ஒன்றைத்தான் தவறவிடக் கூடாது.

அடுத்து, எல்லோரும் தடுக்கி விழும் கணக்கு. ஒரு பள்ளியின் கிண்டர்கார்டனில் 60 இடம், 250 விண்ணப்பம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேரில் ஒருவருக்குக் கிடைத்துவிடும் என்று நீங்கள் மனக்கணக்குப் போடுவீர்கள். அப்படி இல்லை. அதே பள்ளியின் டிகே வகுப்பில் (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வருடம்) ஏற்கெனவே 20 பிள்ளைகள் இருந்தால் அவர்கள் குலுக்கல் இல்லாமலே மேலே ஏறுவார்கள். படிக்கிற மாணவர்களுக்குக் குலுக்கலிலிருந்து சட்டமே விலக்கு கொடுக்கிறது. அடுத்து அண்ணன், அக்கா அங்கே படிக்கும் பிள்ளைகள் 15. ஊழியர்களின் பிள்ளைகள் 3. மீதி 22 இடம். இப்போது பள்ளி இருக்கும் பள்ளி மாவட்ட எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை. விண்ணப்பித்தவர்களில் அப்படி 120 பேர் இருந்தால், அந்த 22 இடமும் அவர்களுக்குள்ளேயே முடிந்துவிடக்கூடும். பக்கத்து ஊரிலிருந்து விண்ணப்பித்தவருக்குக் குலுக்கல் தொடங்கும் முன்பே கதவு சாத்திவிட்டது என்று அர்த்தம். சில பள்ளிகள் இப்படிப் படிப்படியாகப் போகாமல் முன்னுரிமை உள்ளவர்களின் பெயரை இரண்டு முறை போட்டுக் குலுக்குகின்றன. அங்கே வெளியூர்க்காரருக்கும் கொஞ்சம் நப்பாசைக்கு இடமுண்டு. எந்தப் பள்ளியில் எந்த முறை என்பது ரகசியமல்ல. பள்ளியின் சாசனத்தை எடுத்து 8-ஆவது கூறைப் படியுங்கள். கலிஃபோர்னியாவில் சேர்க்கை விதிகள் அங்கேதான் இருக்கும். பள்ளி இணையதளத்தில் கிடைக்கும், இல்லையென்றால் ஆபீஸில் கேட்டால் கொடுப்பார்கள். நூறு பக்கத்துக்கு மேல் ஓடும் ஆவணத்தில் நமக்குத் தேவை இரண்டு மூன்று பக்கம். வாட்ஸ்அப்பில் இருநூறு மெசேஜ் படிப்பதைவிட அது சீக்கிரம் முடியும்.

நடுவில் வரும் வகுப்புகளில் இடம் கிடைப்பது இன்னும் கடினம். மூன்றாம் வகுப்பில் யாராவது வீடு மாறிப் போனால்தான் இடம் காலியாகும். பள்ளி எந்த வகுப்பில் புதுப் பிரிவு தொடங்குகிறது, எங்கே எண்ணிக்கையைக் கூட்டுகிறது என்று கேளுங்கள். கிண்டர்கார்டன், 6, 9 என்று பள்ளிக்குப் பள்ளி மாறும். வயதுக் கணக்கு எளிது: செப்டம்பர் 1-க்குள் ஐந்து நிறைந்தால் கிண்டர்கார்டன், நான்கு நிறைந்தால் டிகே. டிகே உள்ள சார்ட்டரில் இடம் வேண்டுமென்றால் அந்த வருடமே முயற்சி செய்வதுதான் புத்திசாலித்தனம். காரணம் மேலே உள்ள கணக்கிலேயே இருக்கிறது.

வாஷிங்டன் நகரத்தில் 2014 முதல் பெரும்பாலான பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே லாட்டரி. 12 பள்ளிகள் வரை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுத்தால் கணினி ஒன்றைப் பொருத்திவிடும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே பெரும்பாலும் ஒவ்வொரு சார்ட்டருக்கும் தனி விண்ணப்பம், தனிக் கெடு, தனி வெயிட்லிஸ்ட். எத்தனை பள்ளிக்கு வேண்டுமானாலும் போடலாம், ஒன்றுக்குப் போட்டதால் இன்னொன்றில் குறையாது. உங்கள் பேட்டைப் பொதுப்பள்ளியில் பிள்ளைக்கு உள்ள இடமும் விண்ணப்பம் போட்டதால் மட்டும் போய்விடாது. சார்ட்டரில் சேர்த்துவிட்டு நடு வருடத்தில் திரும்பி வந்தால் மாவட்டம் சேர்த்துக்கொள்ளும், ஆனால் வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளி நிரம்பியிருந்தால் வேறு பள்ளிக்கு அனுப்பலாம். அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் நமக்கென்றே சில தலைவலிகள் உண்டு. பெயர்தான் முதல் தலைவலி. பிள்ளையின் லாஸ்ட் நேம் அப்பாவின் பெயர், அப்பாவின் லாஸ்ட் நேம் தாத்தாவின் பெயர், கரண்ட் பில்லோ அம்மாவின் பெயரில், அம்மாவின் லாஸ்ட் நேம் அவருடைய அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று லாஸ்ட் நேம் பார்த்ததும் ஆபீஸில் இருக்கும் அம்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். பதற்றப்பட ஒன்றுமில்லை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையோ பாஸ்போர்ட்டையோ பக்கத்தில் வைத்தால் யார் யாருக்கு என்ன உறவு என்பது புரிந்துவிடும். பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில் எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். அப்பா ஒரு விண்ணப்பம், அம்மா வேறு ஸ்பெல்லிங்கில் இன்னொன்று என்று இரட்டை வாய்ப்புக்கு ஆசைப்பட்டால் இரண்டையும் தள்ளிவிடும் பள்ளிகள் உண்டு. நண்பர் வீட்டு முகவரியைக் கொடுக்கும் வேலையும் வேண்டாம். முகவரிச் சான்றைப் பின்னால் கேட்பார்கள், பொய் என்று தெரிந்தால் கிடைத்த இடமும் போகும்.

இரண்டாவது தலைவலி தடுப்பூசி. இது குலுக்கலுக்குத் தேவையில்லை, இடம் கிடைத்த பிறகு பள்ளியில் பதிவு செய்யும்போது கேட்பது. ஆனால் நம்மில் பலர் அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து நோட்டைத் தேடச் சொல்லி அம்மாவுக்கு போன் போடுகிறார்கள். அந்த நோட்டில் 05/08/2021 என்று இருந்தால் நமக்கு ஆகஸ்ட் 5, இங்கே மே 8. இது சின்ன விஷயமில்லை. தட்டம்மைக்கான ஊசி முதல் பிறந்தநாளன்றோ அதற்குப் பிறகோ போட்டிருந்தால்தான் கலிஃபோர்னியா கணக்கில் எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் ஒன்பதாம் மாதத்தில் போட்ட டோஸ் இங்கே செல்லாது. சின்னம்மை ஊசி இந்திய அரசின் அட்டவணையிலேயே கிடையாது. இங்கே இரண்டு டோஸ் கேட்பார்கள். 2015-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு 'எங்களுக்கு இதில் நம்பிக்கையில்லை' என்று எழுதிக் கொடுத்துத் தப்பிக்கவும் வழியில்லை, சார்ட்டர் பள்ளிக்கும் அதே விதிதான். நோட்டை இங்குள்ள குழந்தை மருத்துவரிடம் காட்டி, மாதத்தைப் பெயராக எழுதிப் புதுப் பதிவாக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

விசா பற்றியும் கேட்கிறார்கள். எச்4, எல்2, காலாவதி, நீட்டிப்புக்குக் காத்திருப்பு எதுவானாலும் பள்ளிக்கு அது தேவையில்லாத விஷயம். ஆவணமில்லாத குழந்தைக்கும் பொதுப்பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-லேயே பிளைலர் வழக்கில் சொல்லிவிட்டது. சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் கட்டம் எங்காவது இருந்தால் காலியாக விடுங்கள்.

பள்ளி எதையெல்லாம் கேட்கக் கூடாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக்கு முன் பழைய ரிப்போர்ட் கார்டு, மதிப்பெண் பதிவுகள் கேட்கக் கூடாது. பெற்றோர் இத்தனை மணி நேரம் வாலண்டியர் வேலை செய்தாக வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. ஆண்டு நன்கொடைக்குக் கடிதம் வரும், அழகான படத்தோடு, 'ஒரு பிள்ளைக்கு இவ்வளவு' என்று தொகையும் போட்டிருக்கும்; கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம், பிள்ளையின் இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பிள்ளையைச் சேர வேண்டாம் என்றோ விலகிக்கொள்ளுங்கள் என்றோ தூண்டக் கூடாது. 2019-இல் நடந்த சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு இந்த உரிமைகளை விளக்கும் அறிவிப்பைப் பள்ளிகள் தங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும். மீறினால் புகார் செய்ய ஒரு படிவமும் இருக்கிறது. அது பள்ளிக்குச் சாசனம் கொடுத்த மாவட்டத்துக்கோ கவுண்டிக்கோ போகும்.

இவை காகிதத்தில் மட்டும் இருக்கும் பயங்கள் அல்ல. 2016-இல் குடிமக்கள் உரிமைகளுக்காகப் போராடும் ஏசிஎல்யூவின் தென்கலிஃபோர்னியப் பிரிவும் பப்ளிக் அட்வகேட்ஸ் அமைப்பும் சேர்ந்து மாநிலத்தின் சார்ட்டர் பள்ளிகள் வெளியிட்டிருந்த விதிகளைப் படித்துப் பார்த்தன. 253 பள்ளிகளின் விதிகள் சட்டத்துக்கு முரணாக இருந்தன. சேர்வதற்கு முன் கட்டுரை எழுதச் சொல்வது, இண்டர்வியூ, கட்டாய வாலண்டியர் மணிநேரம், குடியுரிமை ஆவணம் என்று பலவிதம். அறிக்கை வந்த பிறகு பலர் அவசர அவசரமாகத் திருத்திக்கொண்டார்கள்.

எழுதி வைத்த விதியைத் திருத்திவிடலாம். வாயால் சொல்வதை என்ன செய்வது? உள்ளே இருக்கும் நம்மவர்களுக்கு நான் எழுத வந்தது இதைத்தான்.

ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். அங்கே இடம் தேடுபவர்களுக்குச் சுற்றிக்காட்டும் நாளில் வழிகாட்டியாக நின்றது நம் தமிழ்ப் பெற்றோர் ஒருவர். வந்தவர்களில் ஓர் அம்மா, திருநெல்வேலிப் பக்கம், ஊருக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன. மகனுக்குப் பேச்சுப் பயிற்சி தேவை, பழைய பள்ளியில் ஐஇபி, அதாவது அவனுக்கென்று எழுதிய சிறப்புக் கல்வித் திட்டம், உண்டு. அதை அவர் சொன்னதும் நம்மவர் மிகவும் பாசமாக, "இங்க பேஸ் ரொம்ப ஃபாஸ்ட்டுங்க. பையன் திணறிடுவான். நீங்க உங்க ஏரியா பப்ளிக் ஸ்கூல்லயே போட்டுடுங்களேன், அங்க நல்ல சர்வீஸ் இருக்கும்" என்றாராம். அந்த அம்மா விண்ணப்பமே போடவில்லை. கெடு முடிந்து ஒரு வாரம் கழித்து என் மேசையில் வந்து சொன்னார்.

பள்ளி ஆபீஸில் சம்பளம் வாங்குகிறவர் இதைச் சொல்லியிருந்தால் சட்டமீறல். சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கு மத்தியச் சட்டம் தரும் உரிமை சார்ட்டர் பள்ளியின் வாசலில் நின்றுவிடுவதில்லை. குலுக்கலில் பெயர் வந்தால் சேர்த்துக்கொண்டு, ஐஇபியில் உள்ள உதவிகளையும் பள்ளி ஏற்பாடு செய்துதான் ஆக வேண்டும். 'எங்களிடம் அந்த வசதி இல்லை' என்பது பதிலாகாது. ஆனால் சொன்னது வாலண்டியராக வந்த ஒரு பெற்றோர். யார் மீது புகார் கொடுப்பது? அக்கறையோடுதான் சொன்னேன் என்பார், அவர் அப்படி நினைத்தும் சொல்லியிருக்கலாம். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக 29 மாநிலங்களிலும் வாஷிங்டனிலும் 6,452 பள்ளிகளுக்குப் பெற்றோர் எழுதுவதுபோல் மின்னஞ்சல் அனுப்பி, எங்கள் பிள்ளை விண்ணப்பிக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார்கள். பிள்ளைக்குத் தீவிரமான சிறப்புத் தேவை இருப்பதாக எழுதியபோது சார்ட்டர் பள்ளிகள் பதில் போடுவது 7 சதவீதப் புள்ளி குறைந்தது. அதே வட்டாரத்துச் சாதாரணப் பொதுப்பள்ளிகளில் அந்தச் சரிவு இல்லை. குலுக்கல் நேர்மையாகத்தான் நடக்கிறது. பானைக்குள் யாருடைய சீட்டு விழ வேண்டும் என்பதை அதற்கு முன்பே யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். பள்ளிகளின் கையிலிருந்து சட்டம் பிடுங்கிய வேலையை நாமே இழுத்துப்போட்டுச் செய்ய வேண்டுமா?

இன்னொரு கூத்து, 'சார்ட்டர் அட்மிஷன் கைடன்ஸ்' என்று காசு வாங்கிக்கொண்டு நடக்கும் ஜூம் வகுப்பு. கைகுலுக்குவது எப்படி, பிள்ளைக்கு என்ன சட்டை போட்டுக் கூட்டிப்போவது வரை சொல்லித்தருகிறார்களாம். குலுக்கலுக்கு என்ன பயிற்சி ஐயா? பள்ளி நடத்தும் அறிமுகக் கூட்டத்துக்குப் போவதும் நல்லதுதான், பள்ளியை நீங்கள் எடைபோட்டுப் பார்க்கலாம். ஆனால் போனவருக்குக் கூடுதல் சீட்டு கிடையாது.

இவ்வளவு அடிதடி எதற்கு என்றும் ஒருமுறை யோசிக்கலாம். குலுக்கல் இருப்பதால் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு வசதி: இடம் கிடைத்த பிள்ளையும் கிடைக்காத பிள்ளையும் ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள், எனவே வித்தியாசம் தெரிந்தால் அதற்குப் பள்ளிதான் காரணம் என்று சொல்ல முடியும். மத்தியக் கல்வித் துறைக்காக 2010-இல் வெளிவந்த ஆய்வு 15 மாநிலங்களில் 36 சார்ட்டர் நடுநிலைப் பள்ளிகளை இப்படிப் பார்த்தது. சராசரியாகப் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளில் கணக்கு நன்றாக ஏறியிருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் தேர்வு மதிப்பெண் குறையவே செய்திருந்தது. பாஸ்டன் போன்ற நகரங்களில் நல்ல பலன் காட்டிய ஆய்வுகளும் உண்டு. அவை பெரும்பாலும் வேறு வழியில்லாத பிள்ளைகளுக்குத் திறந்த கதவுகள். இரண்டு சாஃப்ட்வேர் சம்பளம் வரும் வீட்டுப் பிள்ளை வெயிட்லிஸ்டில் 143-ஆவது என்று வந்ததற்காக ஒரு வாரம் சோறு தண்ணியில்லாமல் இருக்கும் அளவுக்கு அங்கே எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம். கலைக்கு முக்கியத்துவம், இரண்டு மொழியில் பாடம், சின்ன வகுப்பு என்று குறிப்பிட்ட ஏதோ ஒன்று உங்கள் பிள்ளைக்குப் பொருந்துகிறது என்றால் கட்டாயம் முயலுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்பதற்காக வேண்டாம்.

கடைசியாக வெயிட்லிஸ்ட். 30-ஆவது இடத்தில் இருந்தவருக்கு ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் அழைப்பு வந்ததுண்டு. 6-ஆவது இடத்தில் இருந்தவருக்குக் கடைசிவரை வராததும் உண்டு. போன வருடம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று ஆபீஸில் கேளுங்கள், சொல்வார்கள். அழைப்பு வந்தால் பதில் சொல்ல ஓரிரு நாள் அவகாசம்தான் கொடுக்கும் பள்ளிகள் உண்டு. மின்னஞ்சல் ஸ்பாமில் விழுந்து இடம் போனவர்கள் இருக்கிறார்கள், அதனால் கோடையில் ஊருக்குப் போனாலும் அந்த இன்பாக்ஸைத் தினமும் பாருங்கள், இந்திய எண்ணையும் பள்ளியில் கொடுத்துவிட்டுப் போங்கள். பல பள்ளிகளில் இந்த வருட வெயிட்லிஸ்ட் அடுத்த வருடத்துக்குத் தொடராது. மறுபடியும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இடம் கிடைத்தும் போகப்போவதில்லை என்றால், 'எதற்கும் இருக்கட்டும்' என்று பள்ளி திறக்கும் நாள்வரை இரண்டு மூன்று பள்ளிகளில் பிடித்து வைத்திருக்காதீர்கள். முடிவு செய்த அன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்து நிற்பவர் ஆகஸ்டில் சீருடை வாங்கி, ஆஃப்டர் கேருக்குப் பணம் கட்டி, எல்லா ஏற்பாடும் முடித்த பிறகு அழைப்பு வருவதற்கும் மார்ச்சிலேயே வருவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அந்தத் திருநெல்வேலிக்காரர் அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிக்கிறார். சுற்றிக்காட்டும் நாளில் அவர் மறுபடி வந்தால், படிவம் எங்கே இருக்கிறது, கெடு என்றைக்கு என்பதை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்ப் பள்ளித் தன்னார்வலர் ஒருவர்,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா